காலம் இல்லை

மாடியறையில் நின்றால் கைப்பேசி
ஆந்திரப் பிரதேசத்துக்கு நல்வரவு என்கிறது.
இரண்டு படி இறங்கினால்
தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்.
சம்பளம் வருவது ஐதராபாத்திலிருந்து.
மாதம் இருநூறு, தொழில்வரி, தெலங்கானாவுக்கு.
அங்கே நான் போனது இரண்டே தடவை:
பயிற்சிக்கு ஒன்று,
அடையாள அட்டையில் பெயர் தப்பாக விழுந்ததற்கு ஒன்று.

மூன்று வருடமாக இந்த அறைதான் ஆபீஸ்.
பொதட்டூர்பேட்டை, ஏரிக்குப் போகிற தெரு.
இடப்பக்கச் சுவருக்கு அந்தப்புறம்
பலராமனின் எட்டு விசைத்தறி.
ஜன்னலில் பழைய மெத்தை ஒன்றைக் கட்டியிருக்கிறேன்,
"ஹேமாவதி, அங்கே ரயில் ஏதாவது போகுதா?" என்று
மேலாளர் கூட்டத்தில் கேட்ட நாளிலிருந்து.

மார்ச்சில் ஒரு மஞ்சள் பையோடு
பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினேன்.
நாற்காலி, திருத்தணியில் வாங்கியது, நாலாயிரத்து இருநூறு.
இன்வெர்ட்டர். போன ஆடியில் மாற்றிய அதன் பேட்டரி.
இணையத்துக்குப் பன்னிரண்டு ரசீது.
கரண்டு பில் ஆறு. ஒவ்வொன்றிலும்
இந்த மாடியறையின் பங்கைக் கணக்குப் போட்டு
பென்சிலால் வட்டமிட்டிருந்தேன்.

ஆடிட்டர் முனிரத்தினம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"லேதம்மா."
நான் எழுந்திருக்காததால்
தமிழிலும் ஒருமுறை, "இல்லம்மா."

"பலராமனுக்கு உண்டு. அவன் தொழில் பண்றவன்.
நாடா, எண்ணெய், கரண்டு, தறிமேல எரியற பல்பு வரைக்கும்
செலவுன்னு எழுதலாம்.
நீ சம்பளக்காரி.
எழுபத்தஞ்சாயிரம் எல்லாருக்கும் பொதுவா கழிக்கறாங்க,
ஆபீஸ் போறவனுக்கும் அதான், போகாதவளுக்கும் அதான்.
நாற்காலிக்குன்னு தனியா காலம் இல்லை."

அவர் சொன்னது படிவத்தின் கட்டத்தை.
பஸ்ஸில் வரும் வழியெல்லாம்
எனக்கு மற்றதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்:
"பழைய முறைக்குப் போனா வாடகை காட்டலாம். வீடு யார் பேர்ல?"
"அப்பா பேர்ல."
"நிஜமாவே கொடு. பாங்க் வழியா. ரசீது வாங்கு."

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்.
ரசீது என்றதும்
விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார்.
மறுநாள் ரெவின்யூ ஸ்டாம்பு பத்து வாங்கி வந்தார்.
அதற்கு மறுநாள் மாடியேறி வந்து,
வாடகைக்கு இருக்கிறவங்க
ஜன்னல்ல மெத்தை கட்டக் கூடாது என்றார்.
பத்து மணிக்கு மேல் லைட்டும் கூடாதாம்.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
"ஒண்ணாந்தேதி வந்துடுமில்ல?"

அடுத்த வாரம் ஆடிட்டர் போன் செய்தார்.
எப்படிக் கூட்டினாலும் பழைய முறையில்
பதினோராயிரம் கூடவே கட்ட வேண்டிவருகிறது.
விட்டுடும்மா.
அவருக்கு ஐந்நூறு அனுப்பினேன்.
அப்பாவிடம் சொல்ல மட்டும் இரண்டு நாள் ஆனது.
ஸ்டாம்புகள் இன்னும் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால்,
பசைப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

நான் செய்யும் வேலையைச் சொல்லவில்லையே.
மருத்துவக் காப்பீட்டில் பணம் கேட்டு வருகிறவர்களுக்கு
ஏன் கிடையாது என்று காரணம் தேர்ந்தெடுப்பது.

நேற்று இரவுப் பணி. கம்மத்திலிருந்து ஒரு கோப்பு.
அறுபத்தொரு வயது, நுரையீரல்.
வீட்டில் ஆக்ஸிஜன் கருவி, விடியவிடிய ஓடுகிறது.
கரண்டு பில் நான்கு இணைத்திருந்தார்கள்.
கருவியின் பங்கை
யாரோ பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள்.
ஒரு வட்டம் முட்டிச் சேராமல் நின்றிருந்தது,
அழித்து மறுபடி போட்ட தடம்.

விதி எனக்கு மனப்பாடம்.
காரணங்களின் பட்டியலில் ஒன்பதாவது.
சுட்டியை அதன்மேல் வைத்துக்கொண்டு
பக்கத்துக் கொட்டகையின் சத்தத்தை எண்ணினேன்,
நாடா போகிறது, வருகிறது, போகிறது.
தறி எட்டும் ஒவ்வொன்றாக நின்றன.
பலராமன் பீடிக்கு வெளியே வந்திருப்பான்.

தெரு முழுக்க
என் விரல் அழுத்திய ஒரு சத்தம்.

கீழேயிருந்து அப்பா
"லைட்டு" என்றார்.